மாமனாருக்கு வைத்த கக்கூஸ்

எங்கள் கொம்பாண்டிவிளைக்காரர்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ சொல்லிச் சிரிப்பார்கள். அதில் பொய் என்று எதையும் என்னால் தள்ள முடியவில்லை. ஊர் முக்கில் பேருந்து நிறுத்தம் கட்டி, 'வரிசையில் நிற்கவும்' என்று பலகை மாட்டினார்கள். வரிசையில் நின்றோம். பேருந்து வந்தது, நின்றது, போய்விட்டது. ஏறச் சொல்லிப் பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் பேருந்து காலியாகவே போய்வந்தது. பிறகு நடத்துனர் மனம் பொறுக்காமல் இறங்கிவந்து எங்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து ஏற்றினார். இறங்கச் சொல்ல மறந்துவிட்டார். அது வேறு கதை.

இப்பேர்ப்பட்ட ஊரிலும் மாவு மில் தங்கப்பழம் தனி ரகம். அவருக்குத் தான் ஒரு மடையன் என்பது நன்றாகத் தெரியும். ஒருமுறை, மிளகாய் அரைத்த மெஷினில் பச்சரிசியைப் போட்டால் மெஷின் தானாகச் சுத்தமாகிவிடும் என்று சொந்தமாக யோசித்து, ஊருக்கே சிவப்புக் கொழுக்கட்டை தின்னக் கொடுத்தார். அன்றோடு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் சொந்த யோசனை என்று எது மண்டையில் முளைத்தாலும் அதை அப்படியே ஒதுக்கிவிடுவது, அடுத்தவர் சொன்னதை மட்டும் அட்சரம் பிசகாமல் செய்வது. கொம்பாண்டிவிளையில் இதைவிடப் புத்திசாலித்தனமான முடிவை யாரும் எடுத்ததில்லை.

ஆனால் அவருடைய மாமனார் வைகுண்டம் வெளியூர்க்காரர். கல்யாணமான புதிதில் மறுவீட்டு விருந்துக்குப் போன இடத்தில், "மாப்ள, கன்னுக்குட்டிக்கு வெயில் படுது, நெழல்ல கட்டுங்க" என்று அவர் சொல்லிவிட்டார். தங்கப்பழம் கட்டினார். நிழல் நகர்ந்தது. அவிழ்த்து மறுபடி நிழலில் கட்டினார். இலை போட்டுக் கூப்பிட்டபோது அவர் கன்றுக்குட்டியோடு வேலியைத் தாண்டியிருந்தார். சாயங்காலம் அது பக்கத்து வீட்டுக்காரர் கட்டில் காலில் கட்டிக் கிடந்தது. அதிலிருந்து வைகுண்டம் யாரிடமும் "பெரிய மருமவன் பேங்கு ஆபீசர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். சின்ன மருமகனைப் பற்றிக் கேட்டால், "அவன் இருக்கான்" என்பார். அந்த "இருக்கான்" தங்கப்பழத்தின் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

இந்த நிலையில்தான் வைகுண்டத்துக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. தரையில் உட்காரக் கூடாது, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய மருமகன் ஜெகவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மாடி வீடு. ஆகவே வேறு வழியில்லாமல், உடம்பு தேறுகிற வரைக்கும் சின்ன மருமகன் வீட்டில் தங்குவது என்று முடிவாயிற்று. தங்கப்பழத்துக்குத் தலைகால் புரியவில்லை. மாமனார் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்க இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் வராது. உடனே கொத்தனாரை வரவழைத்து, உயரமாக உட்காருகிற மாதிரி ஒரு வெஸ்டர்ன் கக்கூஸ் பொருத்தினார்.

கொத்தனார் வேலையை முடித்துவிட்டு, "சிமெண்டு காயணும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் இதுல உக்காராதீய" என்று சொல்லிவிட்டுக் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

யாரும் உட்காரவில்லை. மறுநாள் மத்தியானம் மாமனார் வருவதாக ஏற்பாடு. தங்கப்பழத்தின் மனைவி சண்முகக்கனி அப்பாவை அழைத்துவர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். காலையில் தம்பிமார் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். மூத்த தம்பி பொன்னுலிங்கம் பத்தாவது வரை படித்தவர், குடும்பத்தில் வாசிக்கிற வேலையெல்லாம் அவருடையது. இளையவர் ராசமணி குள்ளம். அவருக்கு இன்னதுதான் வேலை என்று கிடையாது.

மூன்று பேரும் கக்கூஸைச் சுற்றி நின்று பார்த்தார்கள். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு மாலையும் போட்டாயிற்று. பொன்னுலிங்கம் முகத்தில் மட்டும் திருப்தி இல்லை.

"எலுமிச்சம்பழம் வைக்கலையே அண்ணேன். புது வண்டின்னா நசுக்காம எடுப்போமா?"

"வண்டிக்குச் சக்கரம் இருக்கு, அடியில வைக்கோம். இதுக்கு எங்கல வைக்க?" என்றார் தங்கப்பழம்.

இது நியாயமான கேள்விதான். மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள்.

"சக்கரத்துக்காக வைக்கல, பாதைக்காக வைக்கோம்" என்றார் பொன்னுலிங்கம். "வண்டி ஓடுற பாதையில பழம். அப்பம் இதுல எது ஓடுது?"

"தண்ணி" என்றார் ராசமணி.

"அது ஓடுற பாதையில வைங்க."

பொன்னுலிங்கம் கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஆளுக்கு ஒன்றாக நல்ல நாட்டு எலுமிச்சம்பழங்களை உள்ளே போட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தங்கப்பழம் தண்ணீரைத் திறந்துவிட்டார். பழங்கள் ஒரு சுற்றுச் சுற்றி மரியாதையாக உள்ளே போயின. பார்க்கவே நிறைவாக இருந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று இன்னொரு தடவை தண்ணீர் விட்டார்கள். இந்தத் தடவை தண்ணீர் உள்ளே போகாமல் மேலே ஏறியது. விளிம்பில் வந்து நின்று மூவரையும் பார்த்தது.

"கண்ணு பட்டுட்டு" என்றார் பொன்னுலிங்கம்.

"பழம் போட்டுமா?" என்றார் தங்கப்பழம்.

"அப்பம் போட்டது பத்தல."

பையில் மிச்சமிருந்த பழங்களும் போயின. கம்பால் குத்தி உள்ளே அனுப்பவேண்டியதாகிவிட்டது. தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தங்கப்பழத்தின் காலை நனைத்தது.

மத்தியானம் மாமனார் வந்து இறங்குவார். இந்தக் கோலத்தைப் பார்த்தால் இனி "அவன் இருக்கான்" என்றுகூடச் சொல்லமாட்டார். உடனே தங்கப்பழம், கக்கூஸ் வாங்கிய குழாய்க் கடை அல்போன்ஸுக்குப் போன் போட்டார்.

கடையில் கூட்டம் போலிருக்கிறது. அல்போன்ஸ் அவசரமாகக் கேட்டார். "உள்ள துணி, பேப்பர், தலமுடி ஏதும் போட்டியளா?"

"துணியும் போடல, பேப்பரும் போடல, தலமுடியும் போடல அண்ணாச்சி." தங்கப்பழம் கேட்டதற்குக் கேட்டபடி பதில் சொல்பவர்.

"அப்பம் சின்ன அடைப்புதான். ஆள அனுப்பி பவுடரும் ரப்பர் பம்பும் வாங்கிக்கிடுங்க. மொதல்ல வால்வ அடைங்க. பவுடர போட்டு அர மணி நேரம் விடுங்க. பொறவு ரப்பர உள்ள வச்சு நல்லா அமுக்கி இழுங்க. பாதியில விட்டுறக் கூடாது, விடாம இழுக்கணும்."

தங்கப்பழத்துக்கு உயிர் திரும்பியது. எவ்வளவு தெளிவாகச் சொல்கிறார் மனுஷன். இனிக் கவலையில்லை.

பொன்னுலிங்கம் சைக்கிளில் போய் இரண்டையும் வாங்கிவந்தார். வழியிலேயே பவுடர் பாக்கெட்டை வாசித்துமிருந்தார். வால்வை அடைத்ததும் தங்கப்பழம் பாக்கெட்டைப் பிரிக்கப் போனார். தம்பி கையைப் பிடித்தார்.

"அவசரப்படாத அண்ணேன். மேல கொட்ட எழுத்துல போட்டிருக்கான், 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'னு. மொதல்ல அதச் செய்யணும்."

"நம்ம வீட்டுல குழந்தை இல்லையேல."

"இல்லன்னா வைக்கவேண்டாம்னு போடலையே."

சரி என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்கள். ஆனால் எட்டுகிறதா எட்டவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு குழந்தை வேண்டுமே. இரண்டு பேரும் மெதுவாக ராசமணியைத் திரும்பிப் பார்த்தார்கள். ராசமணி மீசையைத் தடவிக்கொண்டார்.

"நம்மள்ல கடைசிப் பிள்ள நீதான?" என்றார் தங்கப்பழம்.

"ஆமா. அம்ம சாவுற வரைக்கும் என்ன கொழந்தன்னுதான் கூப்பிட்டா" என்றார் ராசமணி.

அவர் கையை நீட்டினார், பாக்கெட் எட்டியது. பரணில் வைத்தார்கள். ராசமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி எடுத்துவந்துவிட்டார்.

"கொழந்த ஸ்டூல் போடுமாலே?" என்று பொன்னுலிங்கம் கோபப்பட்டார்.

"நான் சின்னதுல போட்டுத்தான வெல்லம் எடுத்தேன்? நீயிதான அம்மகிட்டச் சொல்லிக்குடுத்தே?"

கடைசியில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் பாக்கெட்டை வைத்துவிட்டு இறங்கி, ஏணியையும் எடுத்து மில்லுக்குள் போட்டுப் பூட்டினார்கள். ராசமணி முற்றத்திலிருந்து குதித்துப் பார்த்தார். காலை உதறிக் கொஞ்சம் அழுதும் பார்த்தார்.

"எட்டல அண்ணேன்."

பொன்னுலிங்கமும் குதித்தார். "நமக்கும் எட்டல."

"அப்பம் ரொம்பப் பத்திரம்" என்றார் தங்கப்பழம். மூவரும் அண்ணாந்து பார்த்து நின்றார்கள். ஒரு பெரிய காரியம் முடிந்த சந்தோஷம் வந்தது. பவுடர் போடவேண்டுமே என்று ராசமணி மெல்ல நினைவுபடுத்தினார். பாக்கெட்டில் வைக்கத்தான் சொல்லியிருக்கிறது, திரும்ப எடுக்கச் சொல்லவில்லை என்று பொன்னுலிங்கம் விளக்கினார். ஆனால் அரை மணி நேரம் விடச் சொன்னதை விட முடியாதல்லவா. அதனால் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்தது ரப்பர் பம்பு. கம்பின் நுனியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ரப்பர். தங்கப்பழம் அதைக் கக்கூஸுக்குள் வைத்து, தன் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினார். ரப்பர் 'சப்'பென்று கவ்விக்கொண்டது. இழுத்தார். வரவில்லை.

"விடாம இழுக்கணும்னு சொன்னாவ" என்று பொன்னுலிங்கம் ஞாபகப்படுத்தினார்.

"விடலடே. நீ என்னப் புடி."

அண்ணன் இடுப்பைப் பொன்னுலிங்கம் பிடித்தார், அவர் இடுப்பை ராசமணி பிடித்தார். கோயில் தேருக்குக்கூட எங்கள் ஊரில் இத்தனை ஒற்றுமையாக யாரும் இழுத்ததில்லை. "ஏலேலோ" என்று ராசமணி குரல் கொடுத்தார். ஏதோ கறுக்கென்று முறிகிற சத்தம் கேட்டது. யாரும் விடவில்லை. சுவரிலிருந்த தொட்டியின் குழாய் பிய்ந்தது. அப்போதும் விடவில்லை. காயாத சிமெண்டோடு கக்கூஸ் தரையை விட்டுக் கிளம்பி, வாசல்படியைத் தாண்டி, மூன்று பேரோடும் முற்றத்தில் வந்து விழுந்தது. நல்லவேளையாக ராசமணி அடியில் இருந்ததால் கக்கூஸுக்கு அடிபடவில்லை.

விழுந்த கக்கூஸின் பின்பக்கத்திலிருந்து எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக உருண்டு வெளியே வந்தன.

மூவரும் எழுந்து குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மாலை மட்டும் தொங்கியது.

"அடைப்பு எங்க?" என்றார் பொன்னுலிங்கம்.

"பழம்தான் வந்திருக்கு" என்றார் ராசமணி.

"பழம் நாம போட்டது. அது நம்ம பழம். அடைப்பு எங்கன்னு கேக்கேன்."

நீண்ட ஆராய்ச்சிக்குப் பின், அடைப்பு இன்னும் உள்ளேயேதான் பதுங்கியிருக்கிறது, நம்மைக் கண்டு பயந்து வெளியே வரமாட்டேன் என்கிறது என்று முடிவாயிற்று. அப்போது தங்கப்பழத்தின் மண்டைக்குள் என்னவோ ஒன்று மினுங்கியது. ஒருவேளை இந்த எலுமிச்சம்பழங்களே போய்... அதற்குமேல் அவர் அதை ஓடவிடவில்லை. சொந்த யோசனை என்று தெரிந்ததும் வழக்கம்போல ஒதுக்கிவிட்டார். அடுத்து என்ன செய்யவேண்டும் என்று கேட்க அல்போன்ஸுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது.

சண்முகக்கனி முதலில் இறங்கினாள். முற்றத்தில் கக்கூஸ் படுத்திருப்பதையும், அதிலிருந்து ஒரு கம்பு நீட்டிக்கொண்டிருப்பதையும், சுற்றிலும் எலுமிச்சம்பழங்கள் கிடப்பதையும் பார்த்தாள். இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அவளுக்கு ஆச்சரியப்படும் பழக்கம் போய்விட்டது.

பின்னாலேயே வைகுண்டம் வாக்கரை ஊன்றி இறங்கினார். முகம் இறுகியிருந்தது. "பேச்செல்லாம் பொறவு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில இருந்து அடக்கிக்கிட்டு வாரேன். எங்க அந்த எடம்?"

தங்கப்பழம் அவமானத்தில் கண்ணை மூடிக்கொண்டார். தன்னைப் போல ஒரு முட்டாளுக்கு மருமகன் என்கிற பதவியே அதிகம் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டார்.

சண்முகக்கனி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். ரப்பரின் ஓரத்தை விரலால் நெம்பினாள், அது வந்துவிட்டது. "மூணு பேரும் இதத் தூக்கி, இருந்த எடத்துல ஓட்டைக்கு நேரா வைங்க. அப்பா எந்திரிக்கிற வரைக்கும் அசையாமப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றாள்.

இதுதான் சொல்கிற விதம். தங்கப்பழம் புது மனுஷனானார். மூவரும் தூக்கிக்கொண்டு ஓடி ஓட்டைக்கு நேராக வைத்தார்கள். வலப்பக்கம் பொன்னுலிங்கம், இடப்பக்கம் ராசமணி, பின்னால் சுவரோடு ஒட்டித் தங்கப்பழம். மாமனாருக்குக் கூச்சம் வரக்கூடாதென்று மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். வைகுண்டம் இருந்த அவசரத்தில் எதையும் விசாரிக்கவில்லை. உட்கார்ந்தார்.

பிறகு அவர் நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"ஆஸ்பத்திரிச் சீட்டுல உக்காந்தா பயந்துகிட்டே இருக்கணும், எங்க சரிஞ்சு விழுவோமோன்னு. இது தாங்குதுடே."

தங்கப்பழத்தின் கண்ணில் கட்டியிருந்த துண்டு நனைந்தது. இத்தனை வருஷத்தில் மாமனாருக்கு இவ்வளவு பக்கத்தில் அவர் நின்றதே இல்லை. வைகுண்டம் காலை நீட்டவேண்டும் என்றார், ராசமணி ஒரு கையால் தாங்கினார். எழுந்திருக்கவேண்டும் என்றார், மூவரும் அப்படியே தூக்கி நிறுத்தினார்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள், மளமளவென்று போய்விட்டது. அடைப்பு தானாகவே மனம் திருந்திப் போய்விட்டது என்று பொன்னுலிங்கம் பிற்பாடு ஊரில் சொன்னார்.

மறுநாள் சண்முகக்கனி வேறு கொத்தனாரைக் கூட்டிவந்தாள். வைகுண்டம் அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். "ஒட்டிப்போட்டா இவனுவ பொறவு எதுக்கு வருவானுவ?" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் தம்பிமார் இரண்டு பேரும் குளித்துவிட்டு, தோளில் துண்டோடு வந்துவிடுவார்கள். வைகுண்டம் உட்கார்ந்தபடியே உலக விஷயம் பேசுவார், மூவரும் பிடித்தபடியே கேட்பார்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் அவருக்கு இதே பேச்சு. "சின்ன மருமவன் வீட்டுல மூணு ஆளு தாங்குதான்வ. பெரியவனும்தான் சீட்டு வச்சிருக்கான், தரையில ஒட்டிப்போட்டு" என்பார். பெரிய மருமகனுக்கே போன் போட்டும் இதைச் சொன்னார்.

ஜெகவீரன் பேங்கு ஆபீசர். எத்தனையோ வருஷமாகக் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கி வைத்திருந்தவர். அது கையைவிட்டுப் போவதை அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ஜெகவீரன் இறங்கி, சாக்கில் சுற்றியிருந்த ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். சாக்கை உருவினார். பளபளவென்று அவர் வீட்டுக் கக்கூஸ்.

"மாடி ஏற முடியலன்னு சொன்னீயல்லா மாமா. அதான் கீழ எறக்கிக் கொண்டாந்துட்டேன்" என்றார். பேண்டை மடித்துவிட்டு, கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கக்கூஸைப் பிடித்தபடி நின்றார்.

வைகுண்டம் வாக்கரை ஊன்றி ஒரு சுற்று வந்து பார்த்தார். "ஒத்த ஆளாப் புடிக்க. ஆடுமே மருமவனே."

ஜெகவீரனின் முகம் செத்துப்போயிற்று. தங்கப்பழத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்த வேதனை எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். யாரும் சொல்லாமலே போய், துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு மறுபக்கத்தைப் பிடித்தார். "இப்பம் ஆடாது மாமா, உக்காருங்க" என்றார்.

வைகுண்டம் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சண்முகக்கனிதான் கேட்டாள். "அத்தான், இதுக்கு அடியில ஓட்ட எங்க?"

ஜெகவீரன் கண்கட்டை அவிழ்க்காமலே பதில் சொன்னார்.

"அது மாடியிலயே இருக்கு. ஆட்டோவுல எடம் பத்தல. அடுத்த லோடுல கொண்டாந்துருதேன்."